பஞ்சுப் பொதியும் கோயில் மணியும்

எதிரொலியை எப்படி அடக்குவது என்று போன வாரம் உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்திருக்கும். கோபப்படாதே அம்மா. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு லாரி பஞ்சில் தொடங்கி, ஒரு தெருவே தலைதெறிக்க ஓடி வந்ததில் முடியும். அதை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. இப்போது எல்லாரும் உட்கார்ந்திருக்கிறீர்கள், டீயும் வந்துவிட்டது, சொல்கிறேன்.

மைக்கை எங்கே வைப்பது, எந்தப் பொத்தானை எவ்வளவு திருப்புவது என்பதெல்லாம் இதில் வராது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் பேரன் வயசுப் பிள்ளைகள் போனில் செய்வதை நான் அந்தக் காலத்தில் ஒரு வேன் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு போய்ச் செய்தேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், தொழில் ராஜபாளையத்தில். ஒரு ஜவுளிக்கடை மாடியில் ரிக்கார்டிங் அறை வைத்திருந்தேன். கல்யாண நாதஸ்வரம், மார்கழி பஜனை, கட்சிக்காரர் மேடைப்பேச்சு, எது வந்தாலும் பதிவுசெய்து கேசட்டாகக் கொடுப்பேன். ஒரு நாள் பக்கத்துத் தேவாலயத்துக் குருவானவர் மாடிப்படி ஏறி வந்தார். ஜெர்மனியில் இரண்டு வருஷம் படித்தவர், சாந்தமான மனுஷன்.

"தம்பி, ஓரட்டோரியோ ரிக்கார்டு பண்ணுவீகளா?"

"பண்ணுவேன் ஐயா" என்றேன்.

அப்படியென்றால் தின்கிற பொருளா உடுத்துகிற பொருளா என்றே எனக்குத் தெரியாது. தெரியாத வேலைக்குப் பண்ணுவேன் என்று சொல்வது தப்பில்லை. ஆனால் சொன்ன கையோடு அவரை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, என்ன ஏது என்று கேட்டுவிட வேண்டும். கேட்டேன். நாடகம் மாதிரி ஒரு பெரிய கதை, ஆனால் வேஷம் கட்ட மாட்டார்கள், நடிக்க மாட்டார்கள், நின்ற இடத்தில் நின்றே தனியாகவும் கூட்டமாகவும் பாடுவார்கள் என்றார். இது இயேசு பாடுபட்டு மரித்து அடக்கம் பண்ணப்பட்ட கதை. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மெட்டுப் போட்டது. வார்த்தைகளை நம் குருவானவரே தமிழில் பொருத்தியிருந்தார். பாடப்போவது ராஜபாளையத்துச் சபையின் பாடகர் குழு. வாசிக்க ஜெர்மனியிலிருந்து ஒரு சின்னக் குழு வருகிறது. அவர்கள் அந்தக் காலத்து வாத்தியங்களை மட்டும்தான் தொடுவார்களாம்.

வந்தார்கள். ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்தி போட்ட வயலின்கள், மரப் புல்லாங்குழல், ஆள் உயரத்துக்குக் கழுத்து நீண்ட ஒரு வீணை மாதிரி, மேஜை அளவில் ஒரு ஆர்கன். சுருதியும் நம் ஹார்மோனியத்தைவிட அரைக்கட்டை கீழே. நடத்துகிறவர் ஒல்லியான ஜெர்மன்காரர். ஊரில் எல்லாரும் அவரைத் துரை என்றே கூப்பிட்டார்கள், அவரும் அது தன் பெயர்தான் போல என்று திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பாடகர் குழுவைப் பழக்கியவர் எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், நாற்பது வயசு இருக்கும், குரலைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம். குழுவில் பாதிப் பேர் நூற்பாலையில் வேலை. மீதிப் பேர் நர்சுகள், தறிக்காரர்கள், ஒரு பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வருகிறவர்களை நிற்கவைத்துக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பழக்கியிருந்தார்.

ரிக்கார்டிங் அன்றைக்குக் காலையில் தேவாலயத்தில் நான் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, துரை ஒண்ணு சொல்லிட்டாவ. இன்னைக்கு எங்க பாட்டு சரியா அமையலைன்னா இங்க வாத்தியத்தை மட்டும் எடுத்துக்கிடுவாவளாம். பாடுததை மெட்ராஸ்ல வேற குழுவை வச்சு ஏத்திக்கிடுவாவளாம். சாயந்திரம் வேன் ஏறிருவாவ."

"ஒண்ணும் ஆகாது டீச்சர்."

"ஆகக்கூடாதுண்ணே. எங்க பிள்ளைக ரத்தம் சுண்டப் பாடியிருக்காவ. வீட்டுல ஒவ்வொருத்தரும் எம்புட்டுப் பேருகிட்டச் சொல்லி வச்சிருக்காவன்னு எனக்குத்தான் தெரியும். என்னைக் கைவிட்றாதீக."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு நான் செய்த ஒவ்வொரு கோமாளித்தனத்துக்கும் பின்னால் அந்த வார்த்தைதான் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

முதல் கோமாளித்தனம் பால்கோவா. எங்கள் ஊரிலிருந்து வருகிறவன் வெறும் கையோடு வரலாமா? ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்திருந்தேன். பயம் தெளியட்டும் என்று நீட்டினேன், பாடகர் குழு மொத்தமும் ஆளுக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டது. ஆண்குரல்காரர்கள் இரண்டு வாய். பிறகு பாட வாயைத் திறந்தால் தொண்டையில் பால் படிந்து எல்லாரும் கனைக்கிறார்கள். துரை பொறுமையாகக் காத்திருந்தார். அவர் கையிலும் பால்கோவா இருந்ததால் யாரையும் திட்ட முடியவில்லை. பாடுகிறவர்களுக்குப் பாடுவதற்கு முன்னால் இனிப்புக் கொடுக்காதீர்கள். பாடி முடித்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள்.

இரண்டாவது, எதிரொலி. அந்தச் சனம் கோயில் என்று சொல்லும் தேவாலயம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், கல் தரை, உயர்ந்த கூரை, சுவரில் ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. ஒரு வார்த்தை பாடினால் அது மேலே போய்ச் சுற்றிவிட்டு அடுத்த வார்த்தையின் தலையில் வந்து உட்கார்ந்தது. சட்டென்று எனக்கு மூளை வேலை செய்தது. இது ராஜபாளையம், இந்த ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பஞ்சுக்கு வராது. தெரிந்த மில் மேனேஜருக்கு ஒரு போன். அரை மணியில் லாரி வந்தது. லோடுமேன்கள் பஞ்சுப் பொதிகளை உருட்டிக் கொண்டுவந்து சுவர் ஓரமெல்லாம் அடுக்கிவிட்டார்கள். எதிரொலி செத்தது. கூடவே பாட்டும் செத்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. போதாததற்குப் பஞ்சுத் தூசி பறக்க ஆரம்பித்தது. சத்தம் வரக்கூடாது என்று காற்றாடிகளை நிறுத்தியிருந்தோம், அந்தப் புழுக்கத்தில் தூசி அப்படியே மிதந்தது. மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது பழக்கம், அசையவில்லை. வெள்ளைக்காரர்கள் மொத்தப் பேரும் இருமினார்கள்.

துரை மெதுவாகச் சொன்னதைக் குருவானவர் எனக்கு இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அவரு இந்தக் கோயில்ல பாடணும்னுதான் வந்தாராம். கோயிலைக் காணலைங்காரு."

பொதிகள் வெளியே போயின. லோடுமேன்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஆண்டாள் கோயில் ஞாபகம் வந்தது. மார்கழியில் அங்கே பதிவு செய்யப் போவேன். விடியற்காலை வெறும் மண்டபத்தில் யாராவது தொண்டையைச் செருமினால் பத்துத் தூணும் திருப்பிச் செருமும். கூட்டம் நிறைந்ததும் அதே மண்டபத்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். ஆட்கள்தான் எதிரொலியைக் குடிக்கிறார்கள், ஆனால் பஞ்சு மாதிரி மொத்தத்தையும் குடித்துவிடுவதில்லை. டீச்சரிடம் ஓடினேன்.

"டீச்சர், எனக்கு ஆளுக வேணும். கோயில் நிறைய. சும்மா உக்காந்தாப் போதும். பேசக்கூடாது, இருமக்கூடாது."

"சும்மா உக்காரத்தானே? நம்ம சனங்க வருவாவ" என்று தெருவுக்குச் சொல்லி அனுப்பினார்.

வந்தார்கள். வேலைநாளில் நடுப்பகலில், ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்தி, பெண்கள் தலையில் முக்காடு போட்டு, செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. குருவானவர் அங்கி மாற்றுகிற சின்ன அறையில்தான் என் மெஷினை வைத்திருந்தேன். ஹெட்போனை மாட்டிக் கேட்டால் ஆகா, அப்படி ஒரு சத்தம்! கல்லும் இருந்தது, காற்றும் இருந்தது, வார்த்தையும் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் வழியாகத் துரை என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரு கூட்டப்பாட்டு முடிந்தது, ஒரு தனிப்பாட்டு முடிந்தது. சபை சிலையாக இருந்தது. அடுத்து வந்தது ஞானப்பாட்டு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஓரட்டோரியோவில் கதைக்கு நடுவே அங்கங்கே எளிய பாட்டுகள் வரும். அதன் மெட்டுகள் பழைய ஜெர்மன் தேவாலய மெட்டுகள். அதே மெட்டுகளை மிஷனரிமார் நம் பக்கம் எப்போதோ கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இங்குள்ள சபைகளில் அவற்றை ஞானப்பாட்டு என்று தொட்டிலிலிருந்து கல்லறை வரைக்கும் பாடுகிறார்கள். இது குருவானவருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். பெருமாள் கோயில் தெருவில் பிறந்த எனக்குத் தெரியாது.

ஆர்கன் முதல் சுரத்தைப் பிடித்தது. பாடகர் குழு மூச்சை இழுத்தது. அவ்வளவுதான், சபை மொத்தமும் சரசரவென்று எழுந்து நின்று கூடவே பாட ஆரம்பித்துவிட்டது!

துரை கையை வீசி நிறுத்தினார். நான் டேப்பை நிறுத்தினேன். குருவானவர் போய் விளக்கினார். சரி சரி என்று தலையாட்டி உட்கார்ந்தார்கள். மறுபடியும் ஆரம்பம். முதல் வரியை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டார்கள். இரண்டாவது வரியில் பின்னால் ஒரு பெரியவர் அடித்தொண்டையில் மெதுவாகச் சேர்ந்துகொண்டார். அவர் எழுந்தார், பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், பிறகு எல்லாரும்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் பெரியப்பா, உக்காருங்கன்னுதானே சொன்னோம்?"

"உக்காந்துக்கிட்டே ஞானப்பாட்டா? நான் உக்காரத்தான் பாக்கேன், காலு கேக்க மாட்டேங்கு" என்றார் பெரியவர்.

துரை குருவானவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். குருவானவர் முகம் விழுந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே டீச்சர் கேட்டார்.

"மெட்ராஸா ஐயா?"

"ஆமாம்மா. இந்த ஒரு பாட்டை மட்டும் கடைசியா ஒருதரம் பாடச் சொல்லுதாரு. ஒங்களுக்கு ஞாபகமா வச்சிக்கிட."

சபை எழுந்து பாடியதற்காக மட்டும் துரை அப்படிச் சொல்லவில்லை. காலையிலிருந்தே பாடகர் குழுவின் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் தெரிந்தது. சுரம் சரி, தாளம் சரி, ஆனால் மைக்கைக் கண்ட பயத்தில் பரீட்சை எழுதுகிற மாதிரிப் பாடினார்கள். டீச்சர் திரும்பிப் போய்க் குழுவின் முன்னால் நின்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஹெட்போனை வேகமாக மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை. சபை மறுபடியும் எழுந்தது, இந்தத் தடவை முதல் சொல்லிலேயே. துரையின் கை நிறுத்தச் சொல்லி மேலே போனது. என் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

தம்பிகளா, தங்கச்சிகளா, நம் தொழிலில் விரல் பொத்தானின் மேல் இருக்கிற அந்தக் கணம்தான் சம்பளம் வாங்குகிற கணம். மற்ற நேரமெல்லாம் ஒயர் சுருட்டுகிற வேலைதான். என் காதில் அப்போது என்ன கேட்டது தெரியுமா? பாடகர் குழு. சபைக்கு நடுவே அந்தக் குழு. முதுகுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், ஷிப்ட் தோழர்கள் எல்லாரும் சேர்ந்து பாடியதும் பயம் விட்டுப்போய், பிள்ளைகள் தொண்டையைத் திறந்துவிட்டார்கள். நான் பொத்தானை அழுத்தவில்லை. துரை ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் சட்டென்று குனிந்து இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்தேன். குனிந்தபடியே கேட்டேன். வாத்தியமும் நிற்கவில்லை. பெரிய வயலினைக் கால்களுக்கு நடுவே வைத்து வாசித்த அம்மா கண்ணை மூடியிருந்ததால் துரையின் கையைப் பார்க்கவே இல்லை, அவள் வாசிக்க மற்றவர்களும் வாசித்தார்கள். பாட்டு முழுசாக முடிந்தது.

துரை விறுவிறுவென்று என் அறைக்கு வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஹெட்போனைக் கேட்டு வாங்கினார். ஓட்டிக் காட்டினேன். விரலைச் சுழற்றினார், மறுபடியும் ஓட்டினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து குருவானவரைக் கூப்பிட்டு நீளமாகப் பேசினார். அவர்கள் ஊரில் இது ஒரு பெரிய சண்டையாம். அந்தக் காலத்தில் இந்த இடம் வரும்போது சனங்களும் எழுந்து பாடினார்களா, வாயை மூடிக் கேட்டார்களா என்று படித்தவர்கள் அடித்துக்கொள்கிறார்களாம். அதை விடுங்கள். கடைசியில் குருவானவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வரி.

"தம்பி, எல்லா ஞானப்பாட்டும் சபையோட வேணுமாம்!"

துள்ளிக்கொண்டு கதவைத் திறந்தால் கோயில் காலி. பாய் இருக்கிறது, ஆள் இல்லை. வாசலில் ஒரு செருப்பு இல்லை. பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் குருவானவர் கையை உயர்த்தி ஆமென் சொல்லியிருக்கிறார். ஆமென் சொன்னால் ஆராதனை முடிந்தது என்று அர்த்தம். எல்லாரும் நல்ல பிள்ளையாக வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். பாடகர் குழுவும் போய்விட்டது. மெட்ராஸ் என்று கேட்டபிறகு அவர்கள் எதற்கு நிற்கப்போகிறார்கள், டீச்சரும் போய்விட்டார்.

துரை குழுவை ஏற்றிப்போக வேன்காரர் முன்னதாகவே வந்து நின்றுவிட்டார். குருவானவர் இந்தத் தெருவா அந்தத் தெருவா என்று வாசலில் நின்று தவித்தார். எனக்கு மணிக்கூண்டுக் கயிறு கண்ணில் பட்டது. மணி எதற்கு இருக்கிறது? ஆளைக் கூப்பிடத்தானே! யாரையும் கேட்கவில்லை, போய் இழுத்தேன். கயிறு என்ன கனம்! ஒரு இழுப்பு, கொஞ்சம் மூச்சு வாங்குவேன். மறுபடியும் ஒரு இழுப்பு, மறுபடியும் நின்று மூச்சு வாங்குவேன்.

"ஐயோ தம்பி!" என்று குருவானவர் ஓடி வருவதற்குள் வேண்டிய மட்டும் அடித்துவிட்டேன்.

ஆராதனைக்கு விடாமல் அடிப்பார்களாம். இப்படி விட்டு விட்டு அடித்தால் துக்க மணி. சபையில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதலில் ஓடி வந்தவர் எஸ்தர் டீச்சர். செருப்பு இல்லை, கையில் சோற்றுப் பருக்கை காயவில்லை. பின்னால் பாடகர் குழுப் பிள்ளைகள், மாத்திரைப் பெட்டியோடு ஒரு நர்சு, பாதி முகத்தில் சவரச் சோப்பும் பாதி முகத்தில் மழித்த கன்னமுமாக அந்தப் பெரியவர், முந்தானையை இழுத்துச் செருகியபடி பெண்கள், சோடாக்கடைக்காரர், கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரர்கள், சபைக்குச் சம்பந்தமே இல்லாத நாலு பேர். ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு பெயர் இருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறவர் பெயர், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் பெயர், மில்லுக்குப் போன பிள்ளையின் பெயர். அதைப் பார்த்ததும் என் விளையாட்டுப் புத்தி எல்லாம் ஓடிப்போனது. கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

டீச்சர் என் பக்கத்தில் வந்தார். "அண்ணே, யாரு? எங்க அம்மாவை வீட்டுல விட்டுட்டு வந்துருக்கேன். சொல்லுங்க, யாரு?"

"யாருமில்லை டீச்சர். சத்தியமா யாருமில்லை. துரைக்கு எல்லாப் பாட்டும் ஒங்க பிள்ளைகளோட, இந்தச் சனத்தோட வேணுமாம். மெட்ராஸ் இல்லையாம்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் கூட்டம் முண்டியது. பெரியவர் சோப்பு முகத்தோடு முன்னால் வந்தார். "ஏட்டி எஸ்தரு, யாரு போயிட்டாவ? யாருக்கு மணி அடிச்சீக?"

டீச்சர் நிமிர்ந்து நின்று சொன்னார். "ஆண்டவருக்குத்தான் பெரியப்பா. உள்ள வாங்க. அடக்கப் பாட்டு இன்னும் பாடலை."

பிறகு பெரியவர் தோள் துண்டால் பாதி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள். சோடாக்கடைக்காரரும் போனார். இந்தத் தடவை யாரும் உட்காரவில்லை, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. துரை கையை உயர்த்தி அவர்கள் மூச்சு அடங்கட்டும் என்று காத்துப் பார்த்தார். அது அடங்குகிற வழியாக இல்லை. அடக்கப் பாட்டை அப்படியே ஆரம்பித்துவிட்டார்.

எல்லா ஞானப்பாட்டையும் பாடி முடித்த பிறகுதான் வேன் கிளம்பியது. மீதி இருந்த கூட்டப்பாட்டுகளையும் அந்தப் பிள்ளைகளே பாடினார்கள், இப்போது பரீட்சை இல்லை. துரை போகும்போது டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். குருவானவர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார், டீச்சர் "வேண்டாம் ஐயா, புரியுது" என்று சொல்லிவிட்டார்.

ஆக, எதிரொலியைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: ஒரு இடத்தில் ஆட்களை உட்காரவைப்பதற்கு முன்னால், அவர்கள் எதற்கு எழுந்திருப்பார்கள் என்று கேட்டுக்கொள். எந்த ஊர் மணியையும் கேட்காமல் தொடாதே. உங்களுடைய பெட்டியில் மூச்சுச் சத்தத்தைத் தேடித் தேடி எடுக்க ஒரு பொத்தான் இருக்கிறதாமே, அதையும் கொஞ்சம் பார்த்து அழுத்து.

அந்த அடக்கப் பாட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் போட்டுக் காட்டுகிறேன். ஆர்கன் முதல் சுரத்தைப் பிடிப்பதற்கு முன்னால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். வீட்டில் செத்தது யாரோ என்று ஓடி வந்து, யாருமில்லை என்று தெரிந்து நிற்கிற ஒரு தெருவின் மூச்சு இரைக்கும். அதை நான் வெட்டவில்லை.